ஊறலில் பாவம் எங்கே? வீட்டு பீர் எழுப்பும் அறக்கேள்வி

வீட்டில் பீர் தயாரிப்பது விற்பனைக்காக அல்லாமல், தனக்கும் நண்பர்களுக்குமாகச் சிறு அளவில் தானியக் கள்ளை ஊறவைத்து எடுக்கும் ஒரு பொழுதுபோக்கு. ஒரு தடவைக்குச் சுமார் 20 லிட்டர் எடுப்பது வழக்கம். பார்லியை நனைத்து, முளைகட்டி, உலர்த்தி உடைத்தால் மால்ட் கிடைக்கும். அதை 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரில் ஒரு மணி நேரம் வைத்தால், முளையில் சுரந்த நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். வடித்தெடுத்த இனிப்புநீரை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்து மூடிவைப்பார்கள். ஒன்றிரண்டு வாரங்களில் சர்க்கரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறும். புட்டியில் அடைக்கும்போது சேர்க்கும் சிறிதளவு சர்க்கரை நுரைக்கு வழி செய்கிறது. முடிவில் ஆல்கஹால் பெரும்பாலும் 4 முதல் 6 விழுக்காடு வரை இருக்கும். காய்ச்சி வடிக்கும் வேலை இதில் கிடையாது. ஆகவே சாராயம் வேறு, இது வேறு.

இந்த வேலையின் இரண்டு பாதிகளும் தமிழ் வீடுகளுக்குப் பழக்கமானவைதான். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவது மால்ட் தயாரிப்பின் முதல் படி. இட்லி மாவைப் புளிக்கவைப்பது நொதித்தல். தாம்பரம், பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர் என்று சென்னையின் தென்புறம் முழுக்க ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் ஊற்றும் கூழுக்கு, கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவிடுகிறார்கள். அந்தக் கூழுக்கும் தானியக் கள்ளுக்கும் இடையில் இருப்பது சர்க்கரையை முதலில் பிடிப்பது எந்த நுண்ணுயிர், எத்தனை நாள் விட்டுவைக்கிறார்கள் என்ற வேறுபாடுதான் பெரும்பாலும். ஒன்று அம்மனுக்குப் படையலாகிறது. மற்றதைக் காவல்துறை ‘ஊறல்’ என்று பெயரிட்டுத் தரையில் கொட்டி அழிக்கிறது.

குடிப்பது பாவமா என்று சமயங்கள் நிறையவே பேசியிருக்கின்றன. செய்வது பாவமா என்பதைத் தனியே எடுத்துப் பேசியவை குறைவு. குடி, விற்பனை, போதை, வீண்செலவு, குடும்பச் சீரழிவு ஆகிய எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி விலக்கிவிடுவதுதான் வழக்கம். பொழுதுபோக்காகச் செய்கிறவர் அந்த மூட்டையை அவிழ்க்க வைக்கிறார். அவர் விற்பதில்லை, கூலிக்குச் செய்வதும் இல்லை. அவருடைய ஆர்வம் வெப்பநிலையிலும் முளையின் பதத்திலும் இருக்கிறது. ஒரு குவளையோடு அவர் நிறுத்திக்கொள்ளவும் கூடும். அப்படியானால் விலக்குக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் எது அவர்மேல் பாயும்?

தொண்டை நாட்டில் இந்தக் கேள்வி எழாத காலமும் இருந்தது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பில் தானியக் கள் தயாராகும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற கலத்தில் பரப்பி ஆறவிட்டு, முளையை இடித்துச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, வலிய வாயுடைய சாடியில் முற்றவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். முளைத் தானியத்தின் நொதியால் மாவுச்சத்தை உடைப்பதே பீரின் அடிப்படை என்பதால், இன்றைய வீட்டு பீர்க்காரர் படித்தால் உடனே புரிந்துகொள்ளக்கூடிய செய்முறை இது. வீட்டில் ஊறவைத்த நெற்கள்ளுக்குத் தோப்பி என்று பெயர். அகநானூற்றின் 35ஆம் பாட்டில் நடுகல்லுக்கு ஆட்டுப் பலியோடு தோப்பியையும் படைக்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்து நுளைமகள் அரித்தெடுத்த பழைய தேறலைப் பாணர்களுக்குப் பரதவர் விருந்தாகத் தருகிறார்கள். அந்த எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் அடையாளம் காண்கிறார்கள். இந்தப் பாட்டுகளில் கள் உணவு, விருந்து, படையல். செய்பவர் வீட்டுப் பெண்ணோ மீனவரோதான். குற்ற உணர்வின் சாயலைக்கூட அங்கே தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

வள்ளுவரோடு நிலைமை மாறுகிறது. ஆனால் பலரும் நினைப்பதுபோல அல்ல. புலால் மறுத்தலை அவர் அறத்துப்பாலில், துறவறத்துக்குள் வைக்கிறார். கள்ளுண்ணாமையையோ பொருட்பாலில், 93ஆம் அதிகாரமாக, வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவில் வைக்கிறார். அதாவது ஊன் உண்பது உயிருக்குச் செய்யும் தீங்கு. கள் உண்பது ஒருவன் தன் மதிப்பையும் செல்வத்தையும் அறிவையும் தானே அழித்துக்கொள்ளும் கேடு. அந்தப் பத்துக் குறள்களிலும் நரகம் கிடையாது, மறுபிறப்புத் தண்டனை கிடையாது. சான்றோர் மதிக்கமாட்டார்கள், பெற்ற தாயே முகம் சுளிப்பாள், நாணம் புறங்காட்டிப் போய்விடும், கள்ளுண்பவனுக்கும் நஞ்சுண்பவனுக்கும் வேறுபாடில்லை என்கிற அளவிலேயே வாதம் நிற்கிறது. கள்ளைச் செய்தவரைப் பற்றி அதிகாரத்தில் ஒரு சொல்லும் இல்லை. வள்ளுவரின் தராசில் வீட்டு பீர்க்காரரை நிறுத்தினால், கேட்கப்படுவது ஒன்றுதான்: செய்ததைக் குடித்து மதி மயங்கினாயா?

தர்மசாஸ்திரத்தின் போக்கு வேறு. மனு சுரையை மூன்றாகப் பிரிக்கிறார்: வெல்லத்தில் செய்தது, மாவில் செய்தது, மதூகப் பூவில் செய்தது. சுரை குடிப்பது பிராமணக் கொலை, பொன் திருட்டு ஆகியவற்றோடு மகாபாதகங்களில் ஒன்று. உரையாசிரியர்கள் இதை இன்னும் நுணுக்கமாக்கினார்கள். மாவுச் சுரை, அதாவது தானியக் கள், மூன்று மேல்வருணங்களுக்கும் விலக்கு. மற்றவை பிராமணருக்கு மட்டும் விலக்கு. ஆக, பனங்கள்ளையும் திராட்சை மதுவையும்விட, பீரின் நேர் முன்னோடியான தானியக் கள்ளுக்கே கடும் தண்டனை. பொருளிலேயே அசுத்தம் இருக்கிறது, அது தானியத்தின் மலம் என்பதே அங்கே சொல்லப்படும் காரணம்.

ஆனால் அதே வைதிக மரபில் சௌத்ராமணி என்றொரு வேள்வி உண்டு. அதற்குரிய திரவியமே சுரை. முளைவிட்ட நெல், முளைவிட்ட பார்லி, பொரி ஆகியவற்றை மசாலா கலந்த ஊறல் பொடியோடு சேர்த்து, மூன்று இரவு ஊறவிட்டு, வேள்விக் களத்திலேயே தயாரிக்கும் முறையை சதபத பிராமணமும் சூத்திரங்களும் விவரிக்கின்றன. சடங்கு ஒழுங்கில் புரோகிதர்களே செய்யும் பீர் என்று அதைச் சொல்லலாம். பிற்காலத்தில் சுரைக்குப் பதில் பாலை வைத்துக்கொண்டார்கள். கலியுகத்துக்கு ஆகாதவை என்ற பட்டியலில் சௌத்ராமணிச் சுரையும் சேர்ந்துவிட்டது. ஒரு பொருள் தன் இயல்பிலேயே அசுத்தமானது என்றால், அது எந்தக் காலத்திலும் வேள்விக்கு ஆகியிருக்கக் கூடாது. இந்த முரணைத் தர்மசாஸ்திரிகள் விதி, விலக்கு என்ற இலக்கணத்தால் சமாளித்தார்கள்: எங்கே வேதம் விதிக்கிறதோ அங்கே தூய்மை, மற்ற இடத்தில் பாதகம். விதியை ஏற்றவருக்கு இது போதும். பொருளிலேயே பாவம் குடியிருக்கிறது என்ற வாதம் மட்டும் இதில் பிழைப்பதில்லை.

பௌத்தம் பொருளை விட்டுவிட்டு மனத்தைப் பிடித்தது. ஐந்தாம் சீலம் மது வகைகளை விலக்கச் சொல்கையில், அவை மறதிக்கும் அசட்டைக்கும் இடமாவதையே காரணமாகக் காட்டுகிறது. பிக்குகளுக்கான விதி பிறந்த கதை இன்னும் தெளிவு. சாகதர் என்ற பிக்கு, கொடிய நாகம் ஒன்றைத் தன் தவவலிமையால் அடக்கினார். ஊர்மக்கள் நன்றியோடு வீட்டுக்கு வீடு மது கொடுத்தார்கள். அவர் குடித்துவிட்டு நகர வாசலில் விழுந்து கிடந்தார். நாகத்தை அடக்கியவர் இப்போது ஒரு சிறு நீர்ப்பாம்பையாவது அடக்குவாரா என்று புத்தர் மற்ற பிக்குகளைக் கேட்டார். அதன் பிறகே விதி வந்தது. பிக்குகளின் விதிநூலான அதே விநயம் வயிற்று நோய்க்குப் புளித்த காடியை அனுமதிக்கிறது. நிறமும் மணமும் சுவையும் தெரியாத அளவில் மருந்து எண்ணெயில் மது சேர்ப்பதையும் ஏற்கிறது. புளிப்பதில் குற்றமில்லை, மயங்குவதில்தான் குற்றம் என்பது இதன் உட்பொருள். இருந்தும் ஒரு கடுமை உண்டு. மது என்று தெரியாமல் குடித்தாலும் பிக்குவுக்கு அது குற்றமே.

மதுவைச் செய்தவனின் கதையைப் பௌத்த நூல்களில் கும்ப ஜாதகம் சொல்கிறது. சுரன் என்ற காட்டுவாசி, மரக் கவட்டில் தேங்கிய நீரில் கனிகளும் தானியமும் விழுந்து ஊறியிருப்பதைக் காண்கிறான். அதைக் குடித்த பறவைகள் மயங்கி விழுகின்றன, பிறகு தெளிந்து பறந்துவிடுகின்றன. அப்படியானால் இது நஞ்சல்ல என்று முடிவுகட்டித் தானும் குடிக்கிறான். உடனே ஊன் ஆசை வருகிறது. மயங்கிக் கிடக்கும் பறவைகளையே சுட்டுத் தின்கிறான். பக்கத்திலிருந்த வருணன் என்ற தவசிக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறான். இருவரும் அரசனிடம் போகிறார்கள். நகரம் நகரமாகத் தொழில் பரவுகிறது, நகரங்கள் பாழாகின்றன. சாவத்தியில் ஐந்நூறு சாடிகள் வைத்து, எலி வராதிருக்கப் பூனைகளைக் கட்டிவைக்கிறார்கள். வழிந்த மதுவை நக்கிய பூனைகள் மயங்க, எலிகள் அவற்றின் காதையும் மூக்கையும் கடித்துவிடுகின்றன. நஞ்சு காய்ச்சுகிறார்கள் என்று நினைத்த அரசன் இருவரையும் கொல்லச் செய்கிறான். பிறகு பூனைகள் எழுந்து விளையாடுவதைப் பார்த்துவிட்டு, தானே குடிக்கத் தயாராகிறான். அப்போது தேவர்களின் அரசனான சக்கன் ஒரு பானையை ஏந்தி வந்து, அதிலுள்ளதன் கேடுகளை அடுக்கிச் சொல்லி அவனைத் தடுக்கிறான்.

பொழுதுபோக்காளரைப் பற்றி இதைவிடக் கூர்மையான கதை கிடைப்பது அரிது. சுரனின் முதல் செயல் ஆர்வம்: கவனிக்கிறான், ஒப்பிடுகிறான், சோதிக்கிறான். அந்தக் கட்டத்தில் கதை அவனைக் கண்டிப்பதில்லை. ஆனால் ஆர்வத்துக்கும் பறவையைச் சுட்டுத் தின்பதற்கும் இடையில் கதை ஒரு மூச்சுவிடும் இடைவெளியைக்கூடத் தருவதில்லை. அடுத்த படி நண்பனோடு பகிர்வது, அதற்கடுத்தது அரண்மனை, அதற்கடுத்தது ஐந்நூறு சாடி. எந்தப் படியில் நின்றிருக்கலாம் என்று வாசிப்பவரே யோசிக்கட்டும் என்று ஜாதகம் விட்டுவிடுகிறது. வேறொரு பௌத்த சூத்திரம், இல்லறத்தானான உபாசகன் செய்யக்கூடாத ஐந்து வணிகங்களில் ஆயுதம், உயிர்கள், இறைச்சி, நஞ்சு ஆகியவற்றோடு மதுவையும் சேர்க்கிறது. அந்த விலக்கு வணிகத்துக்கு. விற்காதவர் அதிலிருந்து தப்புகிறார். சீலத்திலிருந்து தப்பவில்லை.

இந்த விவாதத்தின் தடம் சென்னைப் புறநகரிலும் உண்டு: பொழிச்சலூரிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் பல்லாவரத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் உண்டு. அவனுடைய விருதுப்பெயர்கள் பொறிக்கப்பட்ட அந்தக் குகை இன்று ஒரு தர்கா. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட அந்தப் பல்லவன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ மண்டையோடு ஏந்திக் காஞ்சித் தெருவில் குடித்துத் திரியும் சைவத் துறவியான காபாலிகன் ஒருவனின் கூத்து. கள்ளுக்கடையைப் பார்த்ததும் அவனுக்கு அது வேள்விச் சாலையாகத் தெரிகிறது. கடைக் கொடிக்கம்பம் வேள்வித்தூண், கள் சோமபானம், குடிகாரர்கள் வேள்வி செய்யும் புரோகிதர்கள். அதே நாடகத்தில் வரும் பௌத்தத் துறவி, கருணை மிக்க புத்தர் பெண்ணையும் மதுவையும் அனுமதித்திருப்பார், முதிய பிக்குகள்தான் பொறாமையால் அந்த ஏடுகளை மறைத்துவிட்டார்கள் என்று மனத்துக்குள் குறைப்பட்டுக்கொள்கிறார். அரசன் இரண்டு தரப்பையும் ஒரே சிரிப்பில் வைத்தான். வேள்வியில் ஆவது கடையில் ஆகாதா என்று கேட்பதுபோன்ற காபாலிகனின் ஒப்பீடு கேலிக்குச் சொன்னதானாலும், மேலே கண்ட சௌத்ராமணி முரணைத் தொடாமல் விடவில்லை. காபாலிகரும் இடது வழியினரான வாமாசாரிகளும் மதுவைச் சாதனையாகவே கொண்டவர்கள். திருமூலர் திருமந்திரத்தின் முதல் தந்திரத்திலேயே கள்ளுண்ணாமைக்குத் தனிப் பகுதி ஒதுக்கி அவர்களை மறுத்தார். வலது வழியான தக்ஷிணாசாரத்தில் மதுவின் இடத்தில் வெண்கலப் பாத்திரத்து இளநீர் வந்து உட்கார்ந்தது.

சமண வாதம் இவை எல்லாவற்றிலிருந்தும் விலகியது. காஞ்சியோடு மரபு சேர்த்துச் சொல்லும் சமந்தபத்திரரின் ‘ரத்னகரண்ட சிராவகாசாரம்’ இல்லறத்தார் விட வேண்டியவற்றில் மது, ஊன், தேன் மூன்றையும் ஒன்றாக வைக்கிறது. பத்தாம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்த அமிர்தசந்திரர் ‘புருஷார்த்த சித்தியுபாய’த்தில் அதற்குக் காரணம் சொல்கிறார்: மயங்கியவன் அறம் மறந்து இம்சை செய்வான் என்பது ஒன்று, ஊறும் சாற்றில் எண்ணற்ற உயிர்கள் பிறக்கின்றன, மதுவைக் குடிப்பவன் அவற்றைக் கொல்கிறான் என்பது மற்றொன்று. நுண்ணோக்கி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதியது இது. நொதித்தலை நடத்துவது உயிருள்ள ஈஸ்ட் என்று லூயி பாஸ்டர் 1850களின் பிற்பகுதியிலும் 1860லும் காட்டியபோது, அந்தப் பழைய வாதத்துக்கு எதிர்பாராத ஒரு சாட்சி கிடைத்தது. 1897இல் எட்வர்ட் பூக்னர், நசுக்கி வடித்த ஈஸ்ட்டின் உயிரற்ற சாறே சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் என்று நிறுவினார். என்றாலும் வீட்டுச் சாடியில் இருப்பது சாறல்ல, கோடிக்கணக்கான உயிருள்ள செல்கள்தான்.

இந்த மரபில் செய்வதே குற்றத்தின் மையத்துக்கு வருகிறது. ஈஸ்ட்டைப் பெருக்குவதும், ஆல்கஹால் கூடியதும் அது அடங்கி அடியில் படிவதும், வண்டலை வடித்துக் கொட்டுவதும் சமணப் பார்வையில் தொடர் இம்சை. ஒரு சொட்டு குடிக்காமல் செய்து கொடுத்தாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இதே அளவுகோலில் இட்லி மாவும் ஆடிக்கூழும் தப்பாது. கடும் நியமமுள்ள சமணர்கள் இரவு கடந்த மாவையும் புளித்ததையும் உண்பதில்லை என்பதால், அவர்களுடைய வாதத்தில் முரண் கிடையாது. காலை இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, ஊறலில் உயிர் சாகிறது என்று சொல்பவருக்குத்தான் முரண்.

இஸ்லாம் எல்லைக்கோட்டைக் கால அளவிலும் போதையிலும் வரைந்தது. பேரீச்சம்பழத்தை நீரில் ஊறவைத்த நபீத் என்ற பானத்தை நபிகள் பருகியதாகவும், மூன்றாம் நாளைத் தாண்டினால் கொட்டிவிடச் சொன்னதாகவும் ஹதீஸ்கள் கூறுகின்றன. ஊறுவது ஆகும், போதையாவது ஆகாது. திராட்சை அல்லாதவற்றில் செய்ததைப் போதைக்குக் குறைந்த அளவில் பருகலாமா என்பதில் பழைய சட்ட அறிஞர்களுக்குள் நெடிய விவாதம் நடந்தது. இமாம் அபூஹனீபா அதற்கு இடம் கொடுத்தார். அவருடைய மாணவர் இமாம் முஹம்மது உட்பட மற்றவர்கள், அதிகமானால் மயக்குவது எதுவோ அதில் கொஞ்சமும் ஹராம் என்றார்கள். ஹனபி மரபும் பின்னாளில் அந்தக் கருத்துக்கே வந்தது. தமிழகக் கடற்கரையில் பெருவழக்கான ஷாபிஈ மரபில் தொடக்கம் முதலே இடமில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டியது: மதுவோடு தொடர்புள்ள பத்துப் பேரைச் சாபத்துக்குரியவர்களாகச் சொல்லும் ஹதீஸில் குடிப்பவருக்கும் விற்பவருக்கும் முன்பாகப் பிழிபவர் வருகிறார். செய்பவரின் பங்கை இத்தனை வெளிப்படையாகப் பெயர்சொல்லிச் சுட்டிய மரபு வேறில்லை.

கிறித்தவத்தில் பெரும்பாலும் மறுகோடி. பெனடிக்டின் துறவு விதி நாளொன்றுக்கு ஓர் அளவு திராட்சை மதுவை அனுமதித்தது. மடங்கள் பீர் காய்ச்சின. மார்ட்டின் லூதரின் மனைவி கத்தரீனா வீட்டிலேயே பீர் காய்ச்சியவர். மதுவிலக்கு இயக்கத்தோடு வந்த சில புராட்டஸ்டன்டு சபைகள் மட்டும் நற்கருணைக்குப் புளிக்காத திராட்சைச் சாற்றை எடுத்துக்கொண்டன.

நாட்டார் தெய்வங்களுக்கு இந்த விவாதம் எதுவும் எட்டவில்லை. முனீஸ்வரனுக்கும் மதுரை வீரனுக்கும் கருப்பனுக்கும் சுருட்டோடு சாராயப் புட்டியும் வைப்பது இன்றும் புறநகரெங்கும் உண்டு. அகநானூற்று நடுகல்லின் தோப்பி அப்படியே தொடர்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. அன்று படைத்தது வீட்டில் ஊறியது. இன்று படைப்பது அரசுக் கடையில் வாங்கியது.

பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயிலை வட திருநள்ளாறு என்பார்கள். சனிக்கிழமைகளில் எள்தீபத்தோடு கூட்டம் வரும். உயிர்களுக்குத் துன்பம் கொடுக்கும் தன் தொழிலால் சேர்ந்த பாவத்தைப் போக்க, சனீஸ்வரனே இங்கு நீராடிச் சிவனை வணங்கினான் என்கிறது தலபுராணம். அவனுக்கு விதிக்கப்பட்ட வேலை அது. அதில் அவனுக்குத் தன்னலமும் இல்லை, பகையும் இல்லை. ஆனாலும் பாவம் ஒட்டியது. எண்ணம் நல்லதென்றால் செயல் தூய்மையாகிவிடும் என்ற எளிய சமாதானத்தை இந்தக் கதை ஏற்பதில்லை. தெரியாமல் குடித்தாலும் குற்றம் என்ற விநய விதியும் இதே பக்கம்தான். ‘நான் ரசனைக்காகச் செய்கிறேன்’ என்பது வீட்டு பீர்க்காரரின் முதல் பதில். அதற்கு இந்த ஊரின் தலபுராணமே ஒரு மறுப்பு வைத்திருக்கிறது.

சட்டம் இந்தக் கேள்விகளில் எதையும் கேட்பதில்லை. ராஜாஜி அரசு கொண்டுவந்த 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. 1948க்குள் மாகாணம் முழுவதும் பரவியது. அரசியலமைப்பின் 47ஆம் உறுப்பு மதுவிலக்கை அரசின் குறிக்கோள்களில் ஒன்றாக்கியது. 1971இல் தமிழ்நாட்டில் விலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1983இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் பிறந்தது, 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கள் இறக்கத் தடை 1987 முதல் நீடிக்கிறது. உரிமமின்றி மது செய்வதும், அதற்கான பொருளையும் பாத்திரத்தையும் வைத்திருப்பதும் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் குற்றம். விற்பனைக்கா வீட்டுக்கா என்ற வேறுபாடு அங்கே செய்தவரைக் காப்பாற்றாது. சென்னையின் அரிசிக் கள்ளான சுண்டக்கஞ்சி மறைவிடங்களுக்குப் போனதும் இப்படித்தான்.

இந்தச் சட்டத்தை நியாயப்படுத்தச் சாவுகளைக் காட்டுவது வழக்கம். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைக் குடித்தது மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் இறந்தவர்கள் அறுபதுக்கும் மேல். அந்த மெத்தனால் ஊறிய தானியத்திலிருந்து வந்ததல்ல, தொழிற்சாலைக்குரிய ரசாயனம். தானிய ஊறலில் ஆபத்தான அளவில் மெத்தனால் உண்டாவதில்லை. இரண்டையும் ஒரே பெயரில் அடைப்பது காவல்துறைக்கு வசதி, சிந்தனைக்கு அல்ல. மற்ற நாடுகள் இதைப் பிரித்தே பார்த்தன. பிரிட்டன் 1963இல் வீட்டு பீருக்கு உரிமம் தேவையில்லை என்றது. அமெரிக்காவில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 100 கேலன், ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 200 கேலன் என்று வரம்பு வைத்து வரியை நீக்கியது. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் இறங்கிவந்தன. இந்தியாவுக்குள்ளேயே சில மாநிலங்கள், பழங்குடிகள் தங்கள் வீட்டுக்கும் சடங்குக்கும் அரிசிக் கள் செய்துகொள்ள விலக்குத் தருகின்றன.

தமிழ்நாட்டின் நிலை பௌத்த அளவுகோலில் தலைகீழானது. உபாசகனுக்கு விலக்கான மது வணிகத்தை அரசே நடத்துகிறது. வணிகங்களை விலக்கிய அந்தச் சூத்திரம் ஒன்றும் சொல்லாத வீட்டு ஊறலைத் தண்டிக்கிறது. இதற்கு வருவாய்க் காரணம் உண்டு, நிர்வாகக் காரணம் உண்டு. அறக் காரணம் என்று ஒன்றைத் தேடினால் கிடைப்பது கடினம்.

அதற்காக வீட்டு பீர்க்காரர் விடுபட்டுவிடுவதில்லை. பொருளிலேயே பாவம் என்ற வாதம் நிற்காது. உயிர்க்கொலை வாதம் தன்னளவில் நேர்மையானது, ஆனால் சமண நியமத்தை முழுதாக ஏற்றவரை மட்டுமே கட்டும். இஸ்லாமிய விலக்கு நம்பிக்கையாளருக்குத் தெளிவானது, வாதத்துக்கு இடம் வைக்காதது. மீதமிருப்பது மயக்கம் பற்றிய வாதம். வள்ளுவரும் பௌத்தமும் சேர்ந்து நிற்கும் இடமும் அதுவே. ரசனைக்காரர் பலவீனப்படுவதும் இங்கேதான். 20 லிட்டர் என்பது 650 மில்லி புட்டியில் முப்பது. அடுத்த சாடிக்கு இடம் வேண்டுமென்றால் இது காலியாக வேண்டும். அதைக் குடிக்கப்போவது அவரும், ஜாதகத்து வருணனைப்போல அவர் அழைக்கும் நண்பரும்தான். கடைக்குப் போய் வாங்கினால் கால் வலிக்கும், பணம் போகும், நேரம் முடிந்துவிடும். வீட்டிலிருக்கும் சாடிக்கு அந்தத் தடைகள் எதுவும் இல்லை. தாய் முகம் சுளிப்பாள் என்று வள்ளுவர் சொன்னது கடையில் அல்ல, வீட்டில். விற்கவில்லை என்பது ஒரு குற்றத்திலிருந்து மட்டும் விடுதலை தருகிறது, அளவோடு குடிப்பவர் என்ற சான்றிதழைத் தருவதில்லை.

ஆகவே, செய்வது தன்னளவில் பாவமல்ல, செய்தவர் அதன்பின் என்ன ஆகிறார் என்பதே விசாரணைக்குரியது என்பதுதான் பெரும்பான்மை மரபுகளைக் கூட்டிப் பார்த்தால் கிடைக்கும் தீர்ப்பு. சமணமும் இஸ்லாமும் இதற்கு உடன்படா. தமிழ்நாட்டுச் சட்டமும் உடன்படாது. பொழிச்சலூரில் ஒருவர் கேழ்வரகை முளைகட்டலாம், அரைக்கலாம், கரைத்து ஓர் இரவு புளிக்கவிட்டு அம்மனுக்கு ஊற்றலாம். அதையே ஈஸ்ட் சேர்த்து ஒரு வாரம் மூடிவைத்தால் அது 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.